பேருக்கு இருந்த எர்த்

நெஞ்சுக்குள் பம்பு வைத்தது சென்னையில். அதோடு வாழப் பழகியது இங்கே, சேலம் அம்மாபேட்டையில். எனக்கு இரண்டாவதுதான் பெரும்பாடு.

இதயத்தின் இடது கீழறைக்கு ரத்தத்தைத் தள்ளத் தெம்பில்லை. மாற்று இதயம் கிடைக்கும்வரை தாங்க எல்வேட் என்ற அந்த பம்பை வைத்தார்கள், ஹார்ட்மேட் 3 என்ற மாடல். உள்ளே ஒரு சுழலி, காந்த விசையில் எதிலும் ஒட்டாமல் மிதந்தபடி, எனக்கு நிமிடத்துக்கு 5,400 சுற்று. வயிற்றிலிருந்து ஒரு ஒயர் வெளியே வரும். இடுப்பில் கன்ட்ரோலர், இரு பக்கமும் பேட்டரி.

டிஸ்சார்ஜுக்கு முன்னால் ஒருங்கிணைப்பாளர் மேடம் கேட்டது: "வீட்டில் எர்த் சரியா இருக்கா?" தூங்கும்போது பேட்டரியை நம்பக் கூடாதாம், அலாரம் காதில் விழாமல் போய்விடும். சுவர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும், எர்த் உள்ள மூணு பின். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகாது. எங்களுடையது தாத்தா காலத்துத் தறி வீடு. எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது பேருக்குத்தான் எர்த்" என்றார். வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, புதிதாக இறக்கினோம். அதற்கப்புறம்தான் ஊருக்கு வந்தேன். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தினால் கவலையில்லை. முழுசாகச் சார்ஜ் ஏறிய ஒரு ஜோடி பேட்டரி பகலைத் தாண்டிவிடும்.

ஒயர் வெளிவரும் இடத்துக்கு மனைவிதான் கட்டுப் போடுகிறாள். தூசி படாமலிருக்க ஃபேனை நிறுத்திவிடுவோம். சேலத்து மே மாதத்தில், மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு! நோயாளி நானா அவளா என்று தோன்றும்.

சளிக்காக ஒரு கிளினிக்குப் போனேன். நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். பிபி மெஷினும் எரர் காட்டியது. ரத்தம் இடைவிடாமல் ஓடுவதால் நாடி பெரும்பாலும் தட்டுப்படாது, ரத்த ஓட்டத்தை ஒலியலையால் கண்டுபிடிக்கும் டாப்ளர் கருவி வைத்துத்தான் பிரஷர் பார்க்க முடியும். அந்தப் பெண் டாக்டரைக் கூப்பிட ஓடியதைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இப்போது சட்டைப்பையில் தமிழில் எழுதிய அட்டை வைத்திருக்கிறேன்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறேன். கீரையின் அளவு மாறினால் மருந்தின் வேலையும் மாறும் என்பதால் முருங்கைக்கீரை வாரத்துக்கு ஒரே அளவுதான்.

மச்சான் ஏற்காட்டுக்குக் கூப்பிடுகிறார். அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குள் சிக்னல் போய்விட்டால்? தானம் தந்தவரிடமிருந்து எடுத்த இதயம் சுமார் 4 மணி நேரம்தான் தாங்கும், சென்னையோ 340 கிலோமீட்டர். போன் வந்த நிமிஷமே கிளம்ப வேண்டும். மாற்று இதயத்துக்குப் பதிவு செய்து பதினோரு மாதம் ஆகிறது. தம்பி தினமும் காரில் டீசல் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறான்.