எண் குறைந்த வீடு முதலில்: ஜார்ஜியாவில் ஓட்டு வேலை பார்த்த அனுபவம்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வாக்காளர் பதிவு செய்யும் ஒரு அமைப்பில் சேர்ந்தபோது எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது பட்டியலைப் படிப்பது எப்படி என்பதைத்தான். ஒவ்வொரு வாக்காளர் பெயருக்குப் பக்கத்திலும் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் இருக்கும், இவர் ஓட்டுப் போட வருவாரா மாட்டாரா என்று கணினி போட்ட கணக்கு அது. எண் அதிகமாக இருக்கிற வீடுகளுக்குத்தான் கட்சிகள் வழக்கமாக ஆள் அனுப்பும், பணமும் அந்தப் பக்கமே போகும். எண் குறைந்தவர்கள் யார் என்று பார்த்தால் அடிக்கடி வாடகை வீடு மாறுகிறவர்கள், இளவயது வாக்காளர்கள், புதிதாகக் குடியுரிமை வாங்கியவர்கள், அப்புறம் எந்தக் கட்சிக்காரரும் எட்டிப் பார்க்காத அபார்ட்மெண்ட்களில் இருக்கிற கறுப்பின மக்கள். எங்கள் களப் பொறுப்பாளர் ஒரு கறுப்பினப் பெண்மணி, இந்த வேலையிலேயே தலை நரைத்தவர். அவர் பட்டியலைத் தலைகீழாக அடுக்கச் சொன்னார். எண் குறைந்த வீடு முதலில்.

இந்த வரிசைக்குப் பின்னால் ஜார்ஜியாவின் கறுப்பினத் தலைவர் ஸ்டேசி ஏப்ரம்ஸ் பல வருடம் வாதாடிய ஒரு கருத்து இருக்கிறது. மாநில சட்டமன்றத்தில் ஜனநாயகக் கட்சியின் சார்பில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோதே, 2013-இல், அவர் நியூ ஜார்ஜியா ப்ராஜெக்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். அதுவரை ஜார்ஜியா ஜனநாயகக் கட்சியினர் ஊசலாடும் வெள்ளையர் ஓட்டுகளைத் தேடித்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள், அந்தச் செலவில் ஒரு பகுதியையாவது பட்டியலுக்கே வராத மக்கள் மேல் போடுங்கள் என்றார் இவர். 2018 ஆளுநர் தேர்தலில் சுமார் 55,000 ஓட்டில் தோற்றார். 2020-இல் பைடன் 11,779 ஓட்டில் இந்த மாநிலத்தை வென்றார். 2021 ஜனவரி 5 செனட் தேர்தல் மறுசுற்றில் ரஃபேல் வார்னாக் ஜெயித்து, ஜார்ஜியாவிலிருந்து செனட்டுக்குப் போன முதல் கறுப்பினத்தவர் ஆனார், கூடவே ஜான் ஆசஃபும். பலர் இதை அதிசயம் என்றார்கள். கதவு கதவாக நடந்தவர்களுக்கு இதில் அதிசயம் எதுவும் தெரியவில்லை.

எனக்குக் கொடுத்த பகுதிகள் க்வினெட், ஃபோர்சைத் கவுண்டிகள் (நம் ஊர் மாவட்டம் மாதிரி). தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கிற இடம். இங்கே நான் அதிக நேரம் செலவழித்தது பெயர்ச் சிக்கலில்தான். 2017-இல் ஜார்ஜியாவில் ஒரு சட்டம் வந்தது, விண்ணப்பத்தில் எழுதும் பெயர் ஓட்டுநர் உரிமப் பதிவிலோ சோஷியல் செக்யூரிட்டி பதிவிலோ இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் பதிவு நிறுத்திவைக்கப்படும். 2018 அக்டோபரில் இப்படி நின்ற விண்ணப்பங்கள் சுமார் 53,000, அதில் பத்தில் ஏழு கறுப்பின மக்களுடையவை. 2019-இல் சட்டத்தைத் தளர்த்தினார்கள் என்றாலும் சிக்கல் முழுதாகப் போகவில்லை. நம் பெயர்களை யோசித்துப் பாருங்கள். குடும்பப் பெயர் என்ற ஒன்றே நமக்குக் கிடையாது, இன்ஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டிருப்போம், மனைவிக்குக் கணவர் பெயர், பிள்ளைக்கு அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, குடியுரிமைச் சான்றிதழில் இன்னொரு மாதிரி, உரிமத்தில் இடம் போதாமல் பாதியில் வெட்டிய பெயர். க்ரீன் கார்டு காலத்தில் உரிமம் எடுத்தவர்களுக்கு இன்னொரு தொல்லை, உரிமம் கொடுத்த அலுவலகக் கணக்கில் அவர்கள் இன்னமும் குடிமக்கள் இல்லை. இந்த மாதிரி நின்றுபோன பதிவுகளைச் சரிசெய்யச் சமையலறை மேசையில் மூன்று ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டிப் பார்ப்பதுதான் வேலை. எங்கள் பொறுப்பாளருக்கு இது புதிதே இல்லை. ஒரு எழுத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பும் பழக்கத்தை அவர் அம்மா காலத்திலிருந்தே அவர் குடும்பம் பார்த்திருக்கிறது, அதனால் என்ன கேட்பார்கள், எந்தத் தாளைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம்.

கறுப்பினத் தலைவர்கள் நமக்கும் தலைவர்கள் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். வாசலில் பல பெரியவர்கள் என்னைக் கேட்டிருக்கிறார்கள், "ஏம்மா, நாம எதுக்கு இவங்க அரசியல்ல தலையிடணும்? வந்தோமா, சம்பாதிச்சோமா, பிள்ளைங்களப் படிக்க வச்சோமான்னு இருக்க வேண்டியதுதானே." அவர்கள் நிற்கிற ஃபோர்சைத் கவுண்டியிலிருந்து 1912-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களை, கிட்டத்தட்ட ஒருவர் விடாமல், துரத்தியடித்தார்கள். 1987-இல் நிறவெறியை எதிர்த்து அங்கே ஊர்வலம் போனவர்கள் மேல் கல் விழுந்தது. 1965 மார்ச்சில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போய், அலபாமாவின் செல்மா பாலத்தில் மண்டை உடைபட்ட ஜான் லூயிஸ்தான் பின்னால் அட்லாண்டாவின் காங்கிரஸ் உறுப்பினராக முப்பது வருடத்துக்கும் மேல் இருந்தார். அந்த 1965-இல்தான் வாக்குரிமைச் சட்டம் வந்தது, அதே வருடம் அக்டோபரில் நமக்கெல்லாம் வாசல் திறந்த குடியேற்றச் சட்டமும் வந்தது. ஒரே போராட்டக் காலத்தின் பலன் இரண்டும். இதைச் சொன்னால் சிலர் முகம் மாறும், உள்ளே கூப்பிட்டு காபி கொடுப்பார்கள். சிலர் கதவைச் சாத்திவிடுவார்கள், சரி, அடுத்த வீடு.

தலைவரின் நிறமே போதும் என்று நினைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா ஊர் துளசேந்திரபுரம் என்பதில் நம் வீடுகளில் வந்த பூரிப்பு உண்மையானது, எனக்கும் இருந்தது. ஆனால் அந்தப் பூரிப்பு வாடகையையோ மருத்துவச் செலவையோ பற்றி ஒன்றும் கேட்பதில்லை. 2024-இல் ஜார்ஜியாவில் அவர் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஓட்டில் தோற்றார். இன்னொன்றையும் நேராகவே சொல்லிவிடுகிறேன். ஏப்ரம்ஸ் தொடங்கிய அந்த நியூ ஜார்ஜியா ப்ராஜெக்ட், 2018-இல் அவருடைய தேர்தலுக்கு விதியை மீறி வேலை செய்ததாக ஒப்புக்கொண்டு 2025 ஜனவரியில் 3 லட்சம் டாலர் அபராதத்துக்குச் சம்மதித்தது. யாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று ஒரு வார்த்தை வாய் தவறிக்கூட வரக்கூடாது என்று பயிற்சி எடுத்து வாசலில் நின்ற என்னைப் போன்றவர்களுக்கு அது வலித்தது. நல்ல நோக்கம் இருப்பதால் கணக்குவழக்கு தளர்வாக இருக்கலாம் என்று எந்த அமைப்பும் நினைக்கக் கூடாது, அதுவும் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வெயிலில் நடக்கிறவர்களின் பெயரை வைத்து.

எனக்கு நம்பிக்கை கொடுத்தது 2025 நவம்பரில் நடந்த, வெளியூரில் அதிகம் பேசப்படாத ஒரு தேர்தல். மின்கட்டணத்தை முடிவு செய்யும் மாநிலப் பொதுச் சேவை ஆணையத்தின் ஐந்து இடங்களும் குடியரசுக் கட்சியிடம் இருந்தன. வோக்டில் அணுமின் நிலையத்தின் செலவு எகிறியதும் ஒரு காரணமாக, 2023-லிருந்து கட்டணம் மாற்றி மாற்றி ஏறிக்கொண்டே இருந்தது. ஜனநாயகக் கட்சியிலிருந்து போட்டியிட்ட அலிசியா ஜான்சன், பீட்டர் ஹப்பர்ட் இருவரும் கரண்ட் பில்லைப் பற்றியே பேசினார்கள், 60 சதவீதத்துக்கும் மேல் ஓட்டு வாங்கினார்கள். ஜான்சன் கறுப்பினப் பெண். குடியரசுக் கட்சிக்கே போடுகிற பழக்கமுள்ள பகுதிகளிலும் இவர்களுக்கு ஓட்டு விழுந்தது.

இப்போது எங்கள் ஆட்கள் கதவைத் தட்டினால் பெயர், முகவரிக்கு முன்னால் "கரண்ட் பில் எவ்வளவு வருது?" என்றுதான் கேட்கிறார்கள். நம்ம அரசியல் இல்லை என்று சொன்ன பெரியவர்களில் சிலர்கூட உள்ளே போய் கோடை மாதத்துப் பில்லை எடுத்துவந்து காட்டுகிறார்கள், அடுத்த தேர்தல் எப்போது என்று கேட்கிறார்கள். படிவம் என் பையிலேயே இருக்கிறது.