பாதாம் சருகு

ஜனவரி 28, ஞாயிறு

பெசன்ட் நகரில் பாதாம் மரங்கள் சிவந்துவிட்டன. தொட்டி இறால்களுக்குச் சருகு பொறுக்கப் பை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் தெரு மரத்தடியில் சருகு குவிந்து கிடந்தும் தொடவில்லை. வியாழன்தான் கொசு மருந்துப் புகை அடித்தார்கள். கொசுவைக் கொல்லும் மருந்து இறாலை விட்டுவைக்காது. மருந்து வண்டி நுழையாத முட்டுச்சந்து ஒன்றில் பாட்டி ஒருவர் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"குப்பையைப் பொறுக்கி என்னப்பா செய்யப் போகிறாய்?"

"தொட்டியில் இறால் வளர்க்கிறேன், பாட்டி. அதற்குத் தீனி."

"எவ்வளவு பெரிய இறால்?"

சுண்டுவிரலில் பாதியைக் காட்டினேன். "குழம்புக்குக் காணாதே!" என்று சிரித்தார்.

தானாக உதிர்ந்து பழுப்பேறிய இலைகள் மட்டும், இருபது. பச்சை இலையில் சாறு மிச்சமிருக்கும். தொட்டியில் அழுகி நாறும்.

பிப்ரவரி 2, வெள்ளி

நிழலில் காய்ந்து, மடக்கினால் நொறுங்குகிற பதம். பிஸ்கட் டப்பாவில் அடைத்தேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

டப்பாவைத் திறந்ததும் பீரோ வாசனை. பூச்சி அரிக்காமலிருக்க அம்மா இரண்டு அந்துருண்டை போட்டிருக்கிறார்! நல்லெண்ணத்தில் செய்தவரைக் கோபித்து என்ன பயன்? இருபதும் குப்பைக்குப் போயின. மறுபடி முட்டுச்சந்து.

அதுவரை கொல்லை முருங்கை. ஓர் இணுக்கைக் கொதிநீரில் அரை நிமிடம் முக்கி, ஆறவைத்துப் போட்டேன். இறால்கள் மொய்த்துவிட்டன. மிஞ்சியதை மாலைக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கெட்டுவிடும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

புதுச் சருகைக் கழுவிப் பத்து நிமிடம் கொதிக்கவைத்தேன். பாத்திரத்தில் கட்டஞ்சாயா நிறம். அதைக் கொட்டிவிட்டேன், இலையில் ஊறியிருக்கும் மீதிச் சாயமே தொட்டிக்குப் போதும். வேகவைக்காத சருகு நாள்கணக்கில் மிதக்கும், இது உடனே மூழ்கியது. நாற்பது லிட்டருக்கு இரண்டே இலை. இறால்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

இலைமேல் வழுவழுப்பாக ஒரு படலம், ஓரங்களில் பஞ்சு போல வெள்ளை. பார்க்க அருவருப்புதான். ஆனால் இந்தப் பாக்டீரியாவும் பூஞ்சையும்தான் உண்மையான விருந்து. இலை வெறும் தட்டு. பெரிய பெண் செர்ரி இறால் ஒன்று நடுநரம்பின் மேல் உட்கார்ந்து, குட்டிக் கைகள் நான்காலும் மாறி மாறிச் சுரண்டி வாய்க்குக் கொண்டுபோகிறது, நிலக்கடலை கொறிப்பதைப் போல. டார்ச் அடித்து இலையைத் தூக்கினால் அடியில் குஞ்சுகள்! உடம்பு கண்ணாடி, கண் மட்டும் இரண்டு கரும்புள்ளி. எண்ணத் தொடங்கிப் பதினேழில் விட்டுவிட்டேன்.

அம்மா, "ஒன்று செத்துக் கிடக்கிறது" என்று பதறினார். உரித்துப் போட்ட சட்டைதான். அதையும் அவையே தின்றுவிடும்.

மார்ச் 10, ஞாயிறு

சதையெல்லாம் போய் நரம்பு வலை மட்டும் நிற்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் கொசுவலைத் துணி.

புது இலைக்காகப் போனேன். பாட்டி ஓர் அரிசிப் பை நிறைய எடுத்துவைத்திருந்தார். "உன் பிள்ளைகளுக்குத்தான்." பாதிக்கு மேல் மரத்திலிருந்து பறித்த பசும் இலை. வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.