நான் போடாத சரி அடையாளம்: பிபிஐ பணத்தைத் திரும்பப் பெற்ற அனுபவம்

2005 நவம்பரில் கிழக்கு லண்டனில் உள்ள ஒரு வங்கிக் கிளையில் 9,000 பவுண் கடன் எடுத்தேன். ஊரில் தங்கையின் திருமணம் நெருங்கியிருந்தது. கடனட்டையிலும் பாக்கி ஏறியிருந்தது. அப்போது நான் ஒரு வேலைவாய்ப்பு முகவர் ஊடாகக் களஞ்சியசாலை ஒன்றில் இரவு வேலை செய்துகொண்டிருந்தேன். நிரந்தர நியமனம் கிடையாது. அடுத்த வாரம் எத்தனை இரவு வேலை என்பது வெள்ளிக்கிழமை மாலைதான் தெரியவரும். இதையெல்லாம் கடன் விண்ணப்பத்தை நிரப்பிய உத்தியோகத்தர் கேட்டார், நான் சொன்னேன், அவர் கணினியில் பதிந்துகொண்டார். முடிவில், "பாதுகாப்போடு சேர்த்து மாதம் 228 பவுண் 84 பென்ஸ், ஐந்து வருடம்" என்றார். பாதுகாப்பு இல்லாமல் எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. அப்படியொரு தொகை இருக்கக்கூடும் என்று எனக்கும் தோன்றவில்லை.

அந்தப் பாதுகாப்பு என்பதுதான் பின்னாளில் பிரித்தானியா முழுவதும் பிபிஐ என்ற மூன்று எழுத்தில் அறியப்பட்ட கடன் காப்புறுதி. நோய், விபத்து, வேலையிழப்பு ஆகியவற்றால் தவணை கட்ட முடியாமல் போனால், குறிப்பிட்ட காலத்துக்குக் காப்புறுதி நிறுவனம் அதைக் கட்டும் என்பது அதன் நோக்கம். நோக்கத்தில் பிழை இல்லை, விற்ற விதத்தில்தான் பிழை இருந்தது. என் விடயத்தில் ஐந்து வருடத்துக்குமான கட்டுப்பணம் 2,140 பவுணையும் முதல் நாளிலேயே கடனோடு சேர்த்து, 11,140 பவுணுக்கு வட்டி போட்டிருந்தார்கள். காப்புறுதிக்காக மட்டும் மாதம் 43 பவுண் 96 பென்ஸ் கட்டினேன். வட்டியோடு மொத்தம் 2,637 பவுண் 60 பென்ஸ். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது கையெழுத்திட்டு ஐந்து வருடங்களுக்குப் பிறகு.

2008 வசந்த காலத்தில் பெட்டி தூக்கும்போது இடுப்புப் பிடித்து ஆறு வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. முகவர் ஊடாக வேலை செய்பவனுக்குக் கம்பனியின் நோய்க்காலச் சம்பளம் ஏது? காப்புறுதி இருக்கிறதே என்ற தைரியத்தில் வைத்தியரின் சான்றிதழோடு விண்ணப்பித்தேன். ஸ்கான் போன்ற படச் சான்று இல்லாத முதுகுவலி விலக்கப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. வேலை போனால் கிடைக்கும் என்று சொன்ன பகுதியும் தற்காலிக ஊழியருக்குப் பொருந்தாது என்பதை அந்தக் கடிதத்தோடு வந்த சிறு நூலின் பதினான்காம் பக்கத்தில் வாசித்தேன். நிறுத்திவிடலாம் என்று தொலைபேசியில் கேட்டால், கட்டுப்பணம் முழுவதும் முன்கூட்டியே செலுத்தப்பட்டுவிட்டதால் திரும்பக் கிடைக்கும் தொகை மிகச் சொற்பம் என்றார்கள். அன்று பேசாமல் விட்டுவிட்டேன். கடன்காரன் வங்கியோடு வழக்காடுவதா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. எங்கள் சனத்தில் பலருக்கும் அது இருந்தது.

2010 கோடையில் செய்தித்தாள்களில் இந்த விடயம் அடிபடத் தொடங்கியபோதுதான் உண்மையில் விழித்தேன். மக்களுக்கு இலவச ஆலோசனை தரும் சிற்றிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு இதைப் பற்றி, நுகர்வோர் நலனைக் கண்காணித்த அரச அமைப்பான நியாய வர்த்தக அலுவலகத்திடம் முறைப்படி முறையிட்டது 2005 செப்டெம்பரில், அதாவது நான் கையெழுத்திடுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர். எனக்குச் செய்ததுபோல் கட்டுப்பணம் முழுவதையும் முதல் நாளிலேயே கடனோடு சேர்க்கும் ஒற்றைக் கட்டுப்பணக் காப்புறுதியைத் தனிநபர் கடனோடு விற்பதை, வங்கிகளைக் கண்காணித்த நிதிச் சேவைகள் அதிகார சபை 2009இல் நிறுத்தச் செய்தது. 2010 ஆகஸ்டில், பழைய விற்பனைகள் குறித்த முறைப்பாடுகளை வங்கிகள் எப்படி விசாரிக்க வேண்டும் என்ற புதிய விதிகளை அதே சபை வெளியிட்டது. அவை டிசம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தன.

முறைப்பாடு எழுதுமுன் நான் செய்த ஒரு வேலைதான் பிறகு எல்லாவற்றையும் தாங்கியது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, என்னைப் பற்றி வங்கி வைத்திருக்கும் பதிவுகளின் பிரதியை எழுத்தில் கேட்டு, பத்துப் பவுண் காசோலையும் வைத்து அனுப்பினேன். அந்தக் காலத்தில் அதற்கு அறவிடக்கூடிய உச்சக் கட்டணம் அதுதான். நாற்பது நாட்களுக்குள் அவர்கள் கொடுத்தாக வேண்டியிருந்தது. தடித்த உறை ஒன்று வந்தது. அதில் இரண்டு தாள்களைத்தான் இன்றும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

முதலாவது, விண்ணப்பத்தின் கணினித் திரைப் பிரதி. தொழில் என்ற இடத்தில் "களஞ்சிய ஊழியர், முகவர் ஊடாக, தற்காலிகம்" என்ற பொருளில் மூன்று ஆங்கிலச் சொற்கள் இருந்தன. நான் சொன்னதை அவர்கள் எழுதியும் வைத்திருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. இரண்டாவது, கடன் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கம். "காப்புறுதியை வாங்க விரும்புகிறேன்" என்ற வாசகத்துக்கு எதிரே சிறு கட்டமும் அதற்குள் ஒரு சரி அடையாளமும் இருந்தன. அந்த அடையாளத்தை விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தேன். கீழே என் கையெழுத்து பேனாவால் இட்டது. பிரதியில்கூடக் கோடு சில இடத்தில் தடித்தும் சில இடத்தில் மெலிந்தும் போகிறது. மேலே இருந்த சரி அடையாளமோ ஒரே தடிப்பில், பக்கத்திலிருந்த எழுத்துகளின் அதே கருமையில் இருந்தது. அது அச்சு இயந்திரம் போட்ட அடையாளம். தாள் என் முன்னே வைக்கப்பட்டபோதே அது அங்கே இருந்திருக்கிறது. நான் அதன் கீழே கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறேன்.

டிசம்பர் 6ஆம் திகதி முறைப்பாட்டுக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒன்றரைப் பக்கம்தான். தொழில் நிலைமை தெரிந்திருந்தும் பொருந்தாத காப்புறுதி விற்கப்பட்டது, விலை தனியாகச் சொல்லப்படவில்லை, விருப்பத் தெரிவு என்னுடையதல்ல என்ற மூன்றையும் எழுதி, இரண்டு தாள்களின் பிரதியையும் இணைத்தேன். "ஏமாற்றினார்கள்" என்ற சொல்லை எங்கும் பாவிக்கவில்லை. அது வேண்டுமென்றே செய்தது. ஆத்திரத்தை எழுதினால் பதிலும் ஆத்திரத்துக்குத்தான் வரும், தாளுக்கு வராது.

வங்கிக்கு எட்டு வாரம் அவகாசம் உண்டு. ஆறாவது வாரத்தில், நீதிமன்றத்தில் வழக்கு நடப்பதால் உங்கள் முறைப்பாட்டின் முடிவை நிறுத்தி வைத்துள்ளோம் என்று எழுதினார்கள். எனக்கு எந்த வழக்கும் தெரியாது. தேடிப் பார்த்தபோதுதான், அந்தப் புதிய விதிகளை எதிர்த்து, பிரித்தானிய வங்கியாளர் சங்கம் அதிகார சபை மீதும், வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான பிணக்குகளைத் தீர்க்கும் நிதி ஒம்புட்ஸ்மன் சேவை மீதும் உயர் நீதிமன்றத்தில் மீளாய்வு வழக்குத் தொடுத்திருப்பதை அறிந்தேன்.

வங்கிகளின் வாதத்தைப் பொறுமையாக வாசித்தேன். காப்புறுதி விற்பனைக்கென்று விரிவான விதிகள் முன்பே இருந்தன. அவற்றை மீறாத விற்பனையை "வாடிக்கையாளரை நியாயமாக நடத்த வேண்டும்" என்ற அதிகார சபையின் பொதுக் கோட்பாட்டை வைத்துப் பின்னாளில் பிழை என்பது, பழைய விற்பனைக்குப் புதிய சட்டம் போடுவதாகும் என்றார்கள். முறையிடாத வாடிக்கையாளர்களின் நிலையையும் வங்கிகள் தாமாகவே ஆராய வேண்டும் என்று பணிப்பதையும் எதிர்த்தார்கள். அப்படியொரு பொதுத் திட்டம் வேண்டுமென்றால் அதற்குச் சட்டத்தில் வேறு வழி இருக்கிறது என்றார்கள். பின்னோக்கிச் சட்டம் போடக்கூடாது என்பது நியாயமான பேச்சு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாடிக்கையாளரை நியாயமாக நடத்த வேண்டும் என்பது 2010இல் புதிதாக முளைத்ததா? நான் கையெழுத்திட்ட அன்றும் அது அதே கோட்பாட்டுப் பட்டியலில்தான் இருந்தது. தற்காலிக ஊழியன் என்று தட்டச்சு செய்த அதே கை, தற்காலிக ஊழியனுக்குப் பொருந்தாத காப்புறுதியை விற்றது பிழை என்று அறிய எந்தப் புதிய விதியும் தேவைப்பட்டிருக்காது.

எட்டு வாரம் கழிந்ததும் காத்திருக்கவில்லை. வங்கி முடிவு சொல்லாவிட்டாலும் எட்டு வாரத்துக்குப் பிறகு ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். இது தெரியாமல் பலர் "நிறுத்தி வைத்துள்ளோம்" என்ற கடிதத்தோடு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பெப்ரவரி முதல் வாரத்தில் ஒம்புட்ஸ்மனின் பிபிஐ வினாக்கொத்தை நிரப்பி அனுப்பினேன். கடன் எடுத்தபோது என்ன தொழில், நோய்க்காலச் சம்பளம் இருந்ததா, சேமிப்பு இருந்ததா, நேரிலா தொலைபேசியிலா விற்றார்கள், என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தார்கள். ஞாபகம் இல்லாத இடங்களில் ஞாபகம் இல்லை என்றே எழுதினேன்.

2011 ஏப்ரல் 20ஆம் திகதி நீதியரசர் ஊஸ்லி தீர்ப்பளித்தார். வங்கிகளின் வாதங்கள் எல்லாம் நிராகரிக்கப்பட்டன. பொதுக் கோட்பாடுகள் எப்போதும் அடியில் இருப்பவை, விரிவான விதிகள் அவற்றின்மேல் வைக்கப்படுபவை, விதியைக் காட்டிக் கோட்பாட்டைத் தள்ளிவிட முடியாது என்பது அதன் சாரம். ஒம்புட்ஸ்மன் சட்ட நுணுக்கத்தோடு நின்றுவிடாமல் நியாயமானது எதுவோ அதன்படி தீர்க்கலாம் என்பதும் உறுதியானது. மே 5ஆம் திகதி லொயிட்ஸ் வங்கிக் குழுமம் தனியாகப் பிரிந்து, இழப்பீட்டுக்காக 320 கோடி பவுணை ஒதுக்குவதாக அறிவித்தது. நான்கு நாள் கழித்து, மேன்முறையீடு செய்யப்போவதில்லை என்று சங்கமும் அறிவித்தது.

நிறுத்தி வைத்த கோவைகள் அப்போதுதான் அசையத் தொடங்கின. ஜூனில் என் வங்கியிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்த பெண்மணி மரியாதையாகப் பேசி, திரைப் பிரதியில் இருப்பதை எனக்கே வாசித்துக் காட்டினார். ஆகஸ்ட் கடைசியில் முறைப்பாடு ஏற்கப்பட்டது. செப்டெம்பரில் காசோலை வந்தது: கட்டிய 2,637 பவுண் 60 பென்ஸ், ஒவ்வொரு தவணைக்கும் கட்டிய நாளிலிருந்து வருடத்துக்கு 8 வீதத் தனிவட்டி, அந்த வட்டியில் 20 வீத வரி கழிவு. கைக்கு வந்தது ஏறத்தாழ 3,200 பவுண். கணக்கைத் தாளில் போட்டுச் சரிபார்த்த பிறகே ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டேன். இம்முறை எல்லாக் கட்டங்களையும் வாசித்தேன்.

அந்த மாதங்களில் இழப்பீடு பெற்றுத் தருவதாகச் சொல்லும் நிறுவனங்கள் நாளுக்கு இரண்டு தடவை அழைத்தன. எங்கள் தெருவில் ஒரு அக்கா ஒன்றுக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார். அவருக்கு வந்த 1,900 பவுணில் 25 வீதமும் அதற்கு மேல் வற் வரியுமாக 570 பவுண் போய்விட்டது. அவர்கள் அவருக்காகச் செய்தது ஒரு மாதிரிக் கடிதத்தில் பெயரை மாற்றி அனுப்பியதுதான். ஒம்புட்ஸ்மனிடம் போக முறையிடுபவர் ஒரு பென்ஸ்கூடக் கட்டத் தேவையில்லை என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அதிலிருந்து தெரிந்தவர்களுக்கு நானே எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். முதலில் வந்த ஐயா, "தம்பி, நான் கடதாசி ஒண்டும் வைச்சிருக்கேல்லை" என்று வாசலிலேயே நின்றார். கடதாசி வங்கியிடம் இருக்கிறது என்று சொல்லி, பத்துப் பவுண் காசோலை எழுத வைத்தேன்.

முறைப்பாட்டுக்கான கடைசி நாள் 2019 ஆகஸ்ட் 29 என்று பின்னர் அறிவிக்கப்பட்டது. அதற்குள்ளும் அதன் பின்னுமாக வங்கிகள் திருப்பிக் கொடுத்தது சுமார் 3,800 கோடி பவுண். அந்த நாள் வரை நான் எழுதிக் கொடுத்தவை பதினொரு கடிதங்கள். ஒன்பது பேருக்குப் பணம் வந்தது. மற்ற இருவரின் கடனில் காப்புறுதியே இருக்கவில்லை.