‘லாம்’ மட்டும் ஒட்டாது

சனிக்கிழமை சாயங்காலம் கோலாலம்பூர் செந்தூலில் நல்ல மழை. தம்பி மகள் எல்.ஆர்.டி. ரயில் நிலையத்திலிருந்து தொப்பலாக நனைந்து வந்து நின்றாள். குடை எங்கேடி என்றேன். புதன்கிழமையிலிருந்து காணோமாம். டியூசனில் பின்வரிசையில் உட்காரும் ஒரு பையன் மேல் அவளுக்குச் சந்தேகம். துண்டைக் கொடுத்துத் தலையைத் துவட்டச் சொல்லிவிட்டு மைலோ கலக்கிக் கொடுத்தேன். அப்புறம் மேசையில் உட்கார்ந்தோம்.

அவள் படிவம் ஐந்து. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மின் ஆங்கிலப் பாடம், எண் 1119, அதற்காகப் புதனும் சனியும் என்னிடம் வருகிறாள். நான் ஆசிரியை இல்லை. இருபத்திரண்டு வருடம் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணி (குமாஸ்தா) வேலை பார்த்தவள், இப்போது வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்கிறேன். எங்கள் வீட்டுக் கணக்குக்கு அது போதும்.

அன்றைக்கு எழுதச் சொன்ன கட்டுரையில் குடைக் கோபம் முழுவதையும் கொட்டியிருந்தாள். அதில் ஒரு வரி: ‘தி பாய் ஹூ மஸ்ட் டுக் மை அம்ப்ரெல்லா’. நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

ஆங்கிலத்தில் இந்த ‘கேன்’, ‘மே’, ‘மஸ்ட்’, ‘ஷுட்’ எல்லாம் விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார். மற்றவர்கள்தான் அவருக்கு ஏற்றபடி நகர வேண்டும். ‘எஸ்’ சேராது, ‘இங்’ சேராது, முன்னால் ‘டு’வும் வராது. பின்னால் வரும் வினை எந்த ஒட்டும் இல்லாமல் மொட்டையாகத்தான் நிற்க வேண்டும். தனி வாக்கியத்தில் எப்படியோ, ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ போட்டு ஒரு பெயரோடு தொங்கவிட்டாலும் அப்படியேதான். அதனால் ‘மஸ்ட் டுக்’ கிடையாது. நடந்து முடிந்ததைப் பற்றிய ஊகம் என்றால் ‘மஸ்ட் ஹேவ் டேக்கன்’.

“மலாய்லயும் இப்படித்தானே அத்தை? ‘ஓராங் யாங் போலே தோலோங்’. ‘யாங்’ போட்டா முடிஞ்சிச்சு. ஈசி லா.”

எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. உதவக்கூடிய ஆளைச் சொல்ல மலாயில் ‘யாங்’, ஆங்கிலத்தில் ‘ஹூ’; இரண்டிலும் பெயர் முதலில், இணைப்புச் சொல் அடுத்து, மற்றதெல்லாம் இருந்தபடியே பின்னால். இங்கே வளர்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைத் தமிழ் வழியாகச் சொல்வதைவிட மலாய் வழியாகச் சொன்னால் சீக்கிரம் ஏறும் என்பது என் அனுபவம். தமிழ் ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நம்மிடம் எல்லாமே தலைகீழ். ஆள் கடைசியில் வருவார், வினை முன்னால் வந்து பெயரெச்சமாக மாறும். வந்த பையன், வருகிற பையன், வராத பையன். ‘வர வேண்டும்’ என்பது ‘வர வேண்டிய பையன்’ ஆகும். ‘வரக்கூடும்’ என்பது ‘வரக்கூடிய பையன்’ ஆகும். சரி, ‘வரலாம்’?

அவளும் முயன்றாள். “வரலாம் பையன்... வரலாமான பையன்...” அதற்கு மேல் சிரிப்பு வந்துவிட்டது.

‘லாம்’ மட்டும் ஒட்டாது. ‘வரல் ஆம்’ என்பதுதான் ‘வரலாம்’ ஆயிற்று என்பார்கள். அந்த ‘ஆம்’ இன்றைய தமிழில் வாக்கியத்தை முடித்துவைக்கிற சொல்; அதற்குப் பிறகு ஒரு பெயரைக் கொண்டுவந்து வைத்தால் நிற்காது. ‘வேண்டிய’ எந்தச் சண்டையும் போடாமல் ஒட்டிக்கொள்ளும். பார்க்க ‘ஓடிய’, ‘பேசிய’ மாதிரி இறந்தகாலமாகத் தெரியும், ஆனால் ‘நாளைக்குக் கட்ட வேண்டிய பில்’ என்று கூசாமல் சொல்கிறோம். அதன் எதிர்மறை இன்னும் விசேஷம். ‘வேண்டாம்’ என்பது ‘வேண்டாத’ ஆனதும் குணமே மாறிவிடுகிறது. ‘வேண்டாத விருந்தாளி’ என்றால் வரத் தேவையில்லாதவர் இல்லை, வந்தால் நமக்குப் பிடிக்காதவர்.

‘லாம்’ கைவிட்ட வேலை எல்லாம் ‘கூடிய’வின் தலையில் விழுகிறது. அனுமதியா, கூடிய. சாத்தியமா, கூடிய. திறமையா, அதுவும் கூடிய. போதாததற்கு நம் மேடைப் பேச்சாளர்கள் வேறு. ‘இங்கே அமர்ந்திருக்கக்கூடிய தலைவர் அவர்களே!’ தலைவர் எதிரே நாற்காலி நிறைய உட்கார்ந்திருக்கிறார். அமர்ந்திருக்கிற தலைவர் என்றால் என்ன குறைந்துவிடும்?

கிண்டல் செய்ய எனக்கு அருகதை இல்லை. இதே ‘கூடிய’விடம் நான் ஒருமுறை பெயரைக் கெடுத்துக்கொண்டேன்.

எங்கள் அடுக்குமாடியின் ஆண்டுக் கூட்ட அறிவிப்பைத் தமிழில் போட்டுத் தரச் சொன்னார்கள். அடுக்குமாடிகளுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி, கூட்டத்துக்கு முந்தைய ஏழாம் நாளில் பராமரிப்புக் கட்டணப் பாக்கி இருந்தால் பொதுவாக வாக்கு இல்லை. அதை வைத்து ஆங்கிலத்தில் ஒரு வரி: ‘ஓனர்ஸ் ஹூ மே நாட் வோட் மே ஸ்டில் அட்டெண்ட்’. இரவு பதினொரு மணி, தூக்கக் கலக்கம். ‘வாக்களிக்காமல் இருக்கக்கூடிய உரிமையாளர்களும் கூட்டத்துக்கு வரலாம்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

இந்த ‘மே நாட்’டுக்கு இரண்டு முகம். அனுமதியைச் சொல்லும்போது ‘நாட்’ போய் ‘மே’யைப் பிடிக்கும்: அனுமதி இல்லை. சாத்தியத்தைச் சொல்லும்போது ‘நாட்’ பின்னால் வரும் வினையைப் பிடிக்கும்: வாக்களிக்காமல் போனாலும் போகலாம். வாயால் சொன்னால் குரலிலேயே பிரித்துக் காட்டிவிடலாம். தாளில் இரண்டும் ஒரே மாதிரிதான், சுற்றியிருப்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அறிவிப்பில் அடுத்த பத்தியே பாக்கிக் கணக்கு. நான் பார்த்திருக்க வேண்டும்.

கூட்டத்தில் கை தூக்கச் சொன்னபோது, ஏழெட்டு மாதப் பாக்கி வைத்திருந்த ‘பி’ புளோக் மாமா முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். செயலாளர் தடுத்தார். மாமா சட்டைப் பையிலிருந்து என் தமிழ் அறிவிப்பை எடுத்து விரித்தார். “வாக்களிக்காமல் இருக்கக்கூடியன்னு போட்டிருக்கு. இருக்கவும் இருக்கலாம், போடவும் போடலாம்னுதானே அர்த்தம்? யார் எழுதினது இதை?” நான் மூன்றாவது வரிசையில் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

‘வாக்களிக்க உரிமை இல்லாத’ என்று போட்டிருந்தால் தீர்ந்தது. ‘வாக்களிக்கக்கூடாத உரிமையாளர்கள்’ என்றும் எழுதலாம்தான், ஆனால் அதில் ஏதோ குற்றவாளியைக் காட்டுகிற தொனி வந்துவிடுகிறது. மாமா அதற்கும் சண்டைக்கு வந்திருப்பார்.

அதே அறிவிப்பின் கடைசி வரி ‘டாக்குமென்ட்ஸ் டு பிரிங்’. அங்கே ‘மஸ்ட்’ கண்ணுக்கே தெரியாது, ஆனால் உள்ளே இருக்கிறது: கொண்டுவர வேண்டிய ஆவணங்கள். ‘எ பிளேஸ் டு சிட்’ என்றால் உள்ளே இருப்பது ‘கேன்’. ஆங்கிலம் இப்படி மறைத்து வைப்பதைப் பார்த்து நாம் மலைக்கத் தேவையில்லை. ‘குடிக்கத் தண்ணீர்’, ‘உட்கார இடம்’ என்று நாமும் தினமும் அதைத்தான் செய்கிறோம். இன்னொன்று, ‘ஹூ கேன்’ என்று பார்த்ததும் ‘முடிந்த’ என்று கை போகக்கூடாது. ‘ஹூ கேன் டிரைவ்’ என்றால் கார் ஓட்டத் தெரிந்தவர். ‘ஓட்ட முடிந்தவர்’ என்று போட்டால் அவர் இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார் போல இருக்கும்.

குடைக்கு வருகிறேன். வரியைத் திருத்தியதும் அவள் கேட்டாள்: “சரி அத்தை, இதைத் தமிழ்ல எப்படிச் சொல்றது?”

யோசிக்காமல் சொன்னேன்: “என் குடையை எடுத்திருக்க வேண்டிய பையன்.”

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. ‘அவன் எடுத்திருக்க வேண்டும்’ என்று வாக்கியத்தை முடித்தால் ஊகமும் வரும், கடமையும் வரும். அதையே பெயரெச்சமாக்கிப் பையனுக்கு முன்னால் வைத்தால் ஊகம் உதிர்ந்து கடமை மட்டும் மிஞ்சுகிறது. எட்டு மணிக்கு வந்திருக்க வேண்டிய பஸ் என்றால் வராத பஸ். எடுத்திருக்க வேண்டிய பையன் என்றால், எடுக்க வேண்டியது அவன் பொறுப்பு, ஆனால் எடுக்கவில்லை. ஆங்கிலத்தில் அதற்கு ‘ஷுட் ஹேவ்’. ‘மஸ்ட் ஹேவ்’வின் ஊகம் வேண்டுமென்றால் நாம் சுற்றித்தான் போக வேண்டும்: ‘என் குடையை எடுத்திருப்பான் என்று நான் நினைக்கிற பையன்’. நீளம்தான், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். எட்டரைக்கு மழை விட்டது. அவளை வழியனுப்பக் கதவைத் திறந்து, என் செருப்பை எடுக்கக் காலணித் தட்டைக் கொஞ்சம் நகர்த்தினேன். சுவருக்கும் தட்டுக்கும் நடுவில் நீலக் குடை நின்றுகொண்டிருந்தது. புதன்கிழமை வைத்தது.

இரண்டு பேரும் சிறிது நேரம் அதையே பார்த்தோம்.

“குடையை எடுத்திருக்க வேண்டிய ஆள்...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும் அத்தை, ‘ஷுட் ஹேவ்’” என்று குடையைப் பிடுங்கிக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினாள்.