மாரியில் சுருதி ஏறும் கிக்: டிரம் பலகையில் செய்த மாற்றங்கள்

எடுத்துக்கொண்டது 808 வகை டிரம் பலகையில் கிக், அதாவது பேஸ் டிரம் ஒலியை எழுப்பும் பகுதி. ரோலண்ட் 1980இல் விட்ட டீஆர்-808 டிரம் மெஷினில் உள்ள அதே பிரிட்ஜ்-டி சுற்று (ஒரு தட்டுக்கு மணிபோல் ஒலித்து அடங்குவது): ஒப்-ஆம்பின் (பெருக்கி ஐசியின்) வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு 1 மெகாஓம், அதற்கு இணையாக, ஒன்றோடொன்று தொடுத்த இரண்டு 15 நானோபராட் கொள்ளளவிகள், அவற்றின் நடுவிலிருந்து நிலத்துக்குத் தொடராக 47, 6.8 கிலோஓம் தடையிகள். கணக்குப்படி சுருதி 46 ஹேர்ட்ஸ்.

நம்மூர் இலங்கையில் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். அடப்டரில் கொஞ்சம் ஹம் இருந்தாலே கிக்கின் வால் (அடி விழுந்தபின் நீளும் ஒலி) அதோடு மோதி அலையும். ஒலியிலிருந்து ஹம்மை வடிகட்டப் போனால் கிக்கும் சேர்ந்து போய்விடும். அதனால் இரண்டு கொள்ளளவிகளையும் 10 நானோவாக்கினோம்: 69 ஹேர்ட்ஸ். 12 அங்குல ஸ்பீக்கர்ப் பெட்டியிலும் இப்போது அடி விழுகிறது. மலிவான செராமிக் வேண்டாம், சூட்டில் பெறுமதி நகரும்; 5 சதவீத மைலர் போதும். மின் வழங்கலைச் சுத்தமாக்க, 9 வோல்ட் வழியில் தொடராக 10 ஓம், பிறகு நிலத்துக்கு 1000 மைக்ரோபராட், 25 வோல்ட் கொள்ளளவி. பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும்.

சோல்டர் சரி, பெறுமதி சரி, ஆனாலும் மாரி தொடங்கியதும் கிக் குறுகி, சுருதி ஏறியது. ஈரத்தில் மத்தளத்தின் தோல் இளகிச் சுருதி இறங்கும், இது நேர்மாறு! காரணம் துடைக்காத பிளக்ஸும் (சோல்டர் விட்டுச்செல்லும் பசை) கடற்காற்றின் உப்பும். இரண்டும் ஈரத்தை இழுத்து 1 மெகாஓமுக்குக் குறுக்கே கசிவுப் பாதை போடும். கசிவு 5 மெகாஓம் என்று வைத்தால் மொத்தம் 833 கிலோஓம். சுருதி 69இலிருந்து 75 ஆகும், வாலும் சீக்கிரம் அடங்கும். மட்டக்களப்பின் கல்லடி, காத்தான்குடி போலக் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஊர்களில் இதை முதலில் சந்தேகிக்கவேண்டும்.

சோதனை: பற்றரியைக் கழற்றி, ஐசியைச் சொக்கற்றிலிருந்து எடுத்து, 1 மெகாஓமின் ஒரு காலைத் தூக்கி, அந்த இரு துளைகளுக்கும் இடையே மல்டிமீற்றரை வையுங்கள். எண் எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் அல்ககோலும் பழைய பல்துலக்கியும். கரைந்த பிளக்ஸை உலரவிடாமல் துணியால் ஒற்றி எடுங்கள். விட்டால் பலகை முழுதும் மெல்லிய படலமாகப் பரவி முன்னையதைவிட மோசமாகும். பொட்களுக்குள் (திருகும் தடையிகளுக்குள்) அல்ககோல் இறங்கக்கூடாது. நன்றாகக் காய்ந்தபின் அக்ரிலிக் ஸ்பிரே, மெல்லியதாக ஒருமுறை.

அதே பலகையின் ஸ்நேர் டிரம் ஒலியில் உள்ள இரைச்சல், ஒரு திரான்சிஸ்டரின் பேஸ்-எமிற்றரை மறுதிசையில் உடைத்து வருவது. அதற்குச் சுமார் 6 முதல் 9 வோல்ட் வேண்டும். ஆறு ஏஏ பற்றரி 7.5க்கு இறங்கியதும் கிக் தெம்பாகவே இருக்கும், ஸ்நேர் மட்டும் “டொக்” என்று செத்துப்போகும். சொக்கற் வைத்துப் பத்து பீசி547 திரான்சிஸ்டரை மாற்றிப் பார்த்ததில் இரண்டுதான் நன்றாக இரைந்தன. மிச்சம் எட்டும் வேறு வேலைக்கு.

ஸ்நேரின் பிரிட்ஜ்-டி இன்னும் கழுவப்படவில்லை. அதிலும் செராமிக்தான் கிடக்கிறது.