பிரான்சே பெருமிதத்தில் திளைத்தது

"பியர் க்யூரி தலைமேல வண்டிச் சக்கரம் ஏறினதை விட்டு வெச்சிருக்கீங்க. அதைக் குழந்தைங்க படிக்கலாம், இதைப் படிக்கக் கூடாதா?"

டீச்சர் போனில் இப்படிக் கேட்டு மூன்று வருடம் ஆகிறது. "அது விபத்து டீச்சர், இது வேற" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. மிக்ஸி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சரி சார், உங்க இஷ்டம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதுவரை நான் அவருக்குத் தம்பி. சிறுவர் அறிவியல் வரிசையில் அவருடைய நான்கு புத்தகங்களை நான்தான் எடிட் செய்தேன். 'தம்பி, அந்தப் படம் தலைகீழா வந்திருக்கு பாருங்க', 'தம்பி, சாப்பிட்டீங்களா' என்றுதான் பேச்சு தொடங்கும். ஐந்தாவது புத்தகத்தில், ஒரே ஒரு பத்திக்காக, சார் ஆகிவிட்டேன்.

அந்தப் பத்தி இப்போதும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. டீச்சருக்குக் கம்ப்யூட்டரில் அடிக்கும் பழக்கம் கிடையாது. வெள்ளைத்தாளில் இடது பக்கம் ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டு, பரீட்சைப் பேப்பர் மாதிரி எழுதி அனுப்புவார். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு முப்பது வருடம் இயற்பியல் எடுத்த கை. அந்தத் தாளில் ஓர் அடித்தல் இல்லை. குறுக்கே என் சிவப்புப் பேனா போட்ட கோடு ஒன்றுதான்.

அவர் எழுதியிருந்தது 1911இன் கதை. மேரி க்யூரி என்றால் ஒழுகும் கொட்டகையும் இருட்டில் ஒளிரும் ரேடியமும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். 1911 தெரியாது. எனக்கே அந்தத் தாளைப் படிக்கும்வரை பாதிதான் தெரியும்.

1906 ஏப்ரலில் பாரீஸில் ஒரு மழைநாளில், ராணுவ உடைகள் ஏற்றிவந்த குதிரை வண்டியில் சிக்கி பியர் இறந்தார். மேரிக்கு அப்போது 38 வயது. இரண்டு பெண் குழந்தைகள். கணவர் எடுத்துக்கொண்டிருந்த வகுப்பை, அவர் விட்ட இடத்திலிருந்து மேரி தொடர்ந்தார். பாரீஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய முதல் பெண் அவர். நான்கு வருடம் போனது. பியரின் பழைய மாணவர், குடும்ப நண்பர் பால் லாஞ்ஜவானுக்கும் அவருக்கும் காதல் உண்டானது. லாஞ்ஜவான் பெரிய இயற்பியலாளர். கல்யாணமானவர், நான்கு பிள்ளைகளின் அப்பா, வீட்டில் நிம்மதி இல்லாதவர். மேரி அவருக்கு எழுதிய கடிதங்கள் திருடுபோய், மனைவி பக்கத்து ஆட்களிடம் சேர்ந்தன.

1911 ஜனவரியில் பிரெஞ்சு அறிவியல் அகாதமித் தேர்தலில் மேரி இரண்டே ஓட்டில் தோற்றார். நவம்பர் 4 அன்று ஒரு பாரீஸ் நாளிதழ் விவகாரத்தை வெளியிட்டது. பிரஸ்ஸல்ஸில் இயற்பியலாளர்களுக்காக நடந்த முதல் சால்வே மாநாட்டில், ஐன்ஸ்டைன், பிளாங்க் எல்லோரும் கூடியிருந்த அந்த அறையில் ஒரே பெண்ணாக உட்கார்ந்திருந்துவிட்டு, அப்போதுதான் முடித்திருந்தார் மேரி. சில நாட்களிலேயே இரண்டாவது நோபல் பரிசுச் செய்தி வந்தது, இந்த முறை வேதியியலுக்கு. நவம்பர் 23 அன்று இன்னொரு பத்திரிகை கடிதங்களையே அச்சில் போட்டது. வீட்டு வாசலில் கூட்டம் கூடியது. 'வெளிநாட்டுக்காரி' என்று கத்தினார்கள், கல் எறிந்தார்கள். நண்பர் போரெல் வீட்டில் மேரியும் பிள்ளைகளும் தஞ்சம் புகுந்தார்கள். லாஞ்ஜவான் அந்தப் பத்திரிகை ஆசிரியரைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். மைதானத்துக்குப் போனார்கள், இருவருமே சுடாமல் திரும்பினார்கள்.

அப்புறம் அர்ஹீனியஸ். அமிலம், காரம் என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்த அதே அர்ஹீனியஸ். நோபல் பரிசு தரும் ஸ்வீடன் அகாதமியின் உறுப்பினரான அவர் மேரிக்குக் கடிதம் எழுதினார்: இந்தக் கடிதங்கள் உண்மையாக இருக்கலாம் என்று தெரிந்திருந்தால் அகாதமி உங்களுக்குப் பரிசு தந்திருக்காது, குற்றச்சாட்டு பொய் என்று நிரூபணமாகும்வரை வராமல் இருங்கள். மேரி பதில் எழுதினார்: பரிசு ரேடியமும் பொலோனியமும் கண்டுபிடித்ததற்கு, என் அறிவியல் வேலைக்கும் சொந்த வாழ்க்கைக்கும் சம்பந்தம் இல்லை.

டீச்சர் இதற்குப் பிறகு ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தார். 'அவர் போனார்.'

டிசம்பர் 11 அன்று ஸ்டாக்ஹோமில் உரையாற்றினார். எதெல்லாம் தான் தனியாகச் செய்தது என்பதை அந்த உரையில் எடுத்துச் சொன்னார். மாதம் முடிவதற்குள் ஆஸ்பத்திரியில் படுத்தார்.

இதைத்தான் அடித்தேன்.

ஏன் அடித்தேன் என்பதற்கு என்னிடம் காரணங்கள் உண்டு. இன்றைக்கும் அவற்றை நான் லேசானவையாக நினைக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கான 64 பக்கப் புத்தகம் அது, அச்சுக் கணக்கில் நான்கு பாரம். பள்ளி நூலகங்களை நம்பித்தான் அச்சடிக்கிறோம். ஒரு பெற்றோர் ஒரு பக்கத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் அந்த வரிசை முழுவதும் அலமாரியை விட்டு இறங்கிவிடும். அந்த வரிசையில் வேறு நாலு பேருடைய உழைப்பும் இருக்கிறது. தவிர, ஒரு பெண் விஞ்ஞானியைப் பற்றி நம் பிள்ளைகள் படிக்கும் முதல் புத்தகமாக இது இருக்கலாம். முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்ல வேண்டுமா? ஐன்ஸ்டைன் புத்தகத்தில் அவருடைய குடும்பத்தைப் பற்றி நாங்கள் மூச்சு விடவில்லை. அங்கே யாரும் கேட்கவும் இல்லை. பெற்ற மகள் ஈவ் 1937இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலேயே இந்தக் காதலை வெளிப்படையாகச் சொல்லவில்லை, அவதூறு என்ற அளவில் கடந்துபோகிறார். மகளே சொல்லாததை நான் விட்டால் என்ன?

இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் ரொம்ப நாள் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஈவ் அம்மாவை இழந்து மூன்று வருடத்தில் எழுதிய மகள், அந்தக் கூட்டம் கத்தியபோது ஏழு வயதுகூட ஆகாத குழந்தை. அவர் மறைத்ததற்கும் நான் மறைத்ததற்கும் ஒரே நியாயம் இருக்க முடியாது.

அர்ஹீனியஸ் கடிதத்தை அதற்குப் பிறகு பலமுறை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இப்போது கோபம் வருவதில்லை. அவர் கெட்ட எண்ணத்தோடு எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. பரிசின் பெயர் கெடக் கூடாது, விழாவில் சங்கடம் வரக் கூடாது, அந்த அம்மாவுக்கும் அதுதான் நல்லது என்று நினைத்திருப்பார். என் வரிசை கெடக் கூடாது, மேரி க்யூரியின் பெயர் கெடக் கூடாது என்று நானும் நினைத்தேன். அவர் மேரியிடமே சொன்னார். மேரியால் பதில் எழுத முடிந்தது, கிளம்பிப் போகவும் முடிந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. எழுதியவரிடம்கூட அடித்த பிறகுதான் சொன்னேன்.

ஆனால் டீச்சர் சொன்னதுதான் சரி என்று முடித்துக்கொள்ளவும் என்னால் முடியவில்லை. அதற்குக் காரணம் எங்கள் லே-அவுட் பெண். போன் பேசி முடித்த மத்தியானம் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "சார், அந்த ஆளோட ஒய்ஃப் பேரு என்ன?" என்று கேட்டாள். நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். 'மனைவி' என்றுதான் இருந்தது. போரெலுக்குப் பெயர் இருக்கிறது, அர்ஹீனியஸுக்குப் பெயர் இருக்கிறது. நாலு பிள்ளை பெற்றவளுக்கு இல்லை.

ழான். தேடிப் பிடித்தேன். அச்சான கடிதங்களில் ழானைப் பற்றி மேரி எழுதியிருப்பது படிக்கச் சுலபமானதல்ல. மனைவியை விட்டு எப்படிப் பிரிய வேண்டும், அவளுக்கு இன்னொரு குழந்தை உண்டாகாமல் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று யோசனை சொல்கிறார். நான் மரியாதை வைத்திருந்த அந்தக் கை இதையும் எழுதியிருக்கிறது. அந்த வருடக் கடைசியில், மேரியின் பெயரே வராமல் ஓர் ஒப்பந்தம் போட்டு லாஞ்ஜவான் தம்பதி பிரிந்தார்கள். சில வருடத்தில் மறுபடி சேர்ந்தார்கள். லாஞ்ஜவானின் வேலைக்கு ஒரு குறையும் வரவில்லை. 1934இல் அதே பிரெஞ்சு அறிவியல் அகாதமியில் உறுப்பினரானார். மேரி கடைசிவரை ஆகவில்லை. பிரான்ஸ் தன் பெரியவர்களை அடக்கம் செய்யும் பாந்தியோனில் லாஞ்ஜவானின் எலும்புகள் 1948இல் வைக்கப்பட்டன, மேரியுடையவை 1995இல். மேரியுடையவை அங்கே வருவதற்கு முன்பே மேரியின் பேத்தி எலனும் லாஞ்ஜவானின் பேரன் மிஷேலும் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு குடும்பமும் சம்பந்திகள் ஆகிவிட்டன. ழான் எங்கே இருக்கிறாள் என்று நான் இன்னும் தேடவில்லை.

ஆக, டீச்சரின் பத்தி முழு உண்மை அல்ல என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். முழு உண்மை அல்லாததை எடுத்ததில் என்ன தப்பு? இந்த வாதம் எனக்கு ஒரு மாதம் தாங்கியது.

பிறகு அந்த வரி கண்ணில் பட்டது.

ஒரு பத்தியைத் தூக்கினால் அந்த இடம் சும்மா மூடிக்கொள்ளாது. முந்தைய பத்தி 1910இல் நின்றது, அடுத்த பத்தி உலகப்போரில் எக்ஸ்ரே கருவி பொருத்திய வண்டிகளோடு தொடங்கியது. நடுவில் இரண்டாவது நோபலைச் சொல்லியாக வேண்டும். நான் எழுதினேன்: '1911இல் அவர் இரண்டாம் முறை நோபல் பரிசு பெற்றபோது பிரான்சே பெருமிதத்தில் திளைத்தது.' அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. வாயில் தானாக வரும் வாக்கியம். விருது என்றால் திளைக்கும், தேசம் என்றால் பெருமிதம் கொள்ளும்.

கல் எறியப்பட்ட வீட்டைப் பற்றிய வாக்கியம் அது. வாசலில் கூட்டம் நின்ற அதே மாதம். அடித்ததை நான் நியாயப்படுத்த முடியும். எழுதியதை எப்படி நியாயப்படுத்துவது? அதுவும் என் பெயரில் இல்லை, அட்டையில் டீச்சர் பெயர் இருக்கிறது.

இறுதி மெய்ப்பு அவரிடம் போய்த் திரும்பி வந்தபோது வழக்கம்போல ஒவ்வொரு ஒற்றுப்பிழையும் திருத்தியிருந்தார். ஒரு பக்கத்தில் 'க்' விட்டுப்போனதற்குப் பக்கத்தில் டிக் அடித்து இன்ஷியல் போட்டிருந்தார். 43ஆம் பக்கத்தில் அந்த வரிக்குக் கீழே மட்டும் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று. திருத்தம் இல்லை, கேள்விக்குறி இல்லை. நான் அதைப் பார்த்தேன். போன் செய்து கேட்டிருக்கலாம். திருத்தம் எழுதவில்லையே, அப்படியென்றால் சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டு அச்சுக்கு அனுப்பினேன். புத்தகக் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. அது உண்மைதான். ஆனால் ஒரு போன் பேச எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இப்போது இரண்டாம் பதிப்பு. பிரதிகள் தீர்ந்துவிட்டன, நூலகத்திலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். ஃபைலைத் திறந்ததும் முதலில் அந்த வரியை அழித்தேன். இடம் காலியானது. டீச்சரின் தாளை டிராயரிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு அடிக்கத் தொடங்கி, முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன்.

பதிப்பகத்துக்கு வருவதற்கு முன் ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். 'கள்ளக்காதல்' என்று எத்தனை தலைப்பு போட்டிருப்பேன், கணக்கே இல்லை. கொலை என்றால் கள்ளக்காதல், தற்கொலை என்றால் தகாத உறவு. இப்போது 'திருமணம் மீறிய உறவு' என்கிறார்கள், கேட்க நாகரிகமாக இருக்கிறது, ஆனால் அதிலும் 'மீறிய' என்று தீர்ப்பு உட்கார்ந்திருக்கிறது. டீச்சர் இதில் எதையும் எழுதவில்லை. 'காதல்' என்று மூன்றெழுத்தில் நிறுத்திவிட்டார். அன்று என் பேனா நின்ற இடம் அந்த மூன்றெழுத்துதான் என்று இப்போது தோன்றுகிறது. 'தவறான நட்பு' என்று எழுதியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். இதை எழுதும்போதே கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான். விசித்திரம் என்னவென்றால், நவம்பர் 4 அன்று அந்தப் பாரீஸ் நாளிதழ் போட்ட தலைப்பும் 'ஒரு காதல் கதை' என்பதுதான். அதே சொல்லைக் கல்லாகவும் எறியலாம் போல. நம் ஊர்ப் பத்து வயதுப் பிள்ளையின் காதில் அது டீச்சர் சொன்னபடி விழுமா, அந்த நாளிதழ் சொன்னபடி விழுமா?

நேற்று டீச்சருக்குப் போன் செய்தேன். பத்தியைத் திரும்ப வைக்கிறேன் என்றேன். பென்சில் கோட்டைப் பார்த்தேன், பார்த்தும் கேட்கவில்லை, மன்னிச்சிருங்க என்றேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் எழுதியதை அப்படியே படித்துக்காட்டினேன். 'அவர் போனார்' என்ற இடம்வரை கேட்டார். பிறகு, லாஞ்ஜவானின் மனைவி பெயர் ழான், அதைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். இந்த முறை நானாக ஒரு வரியும் எழுதக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

"பேரை விட்டது என் தப்புதான்" என்றார் டீச்சர். "பேரை மட்டும் வெச்சுட்டா போதுமா? அந்த அம்மா பக்கத்தையும் சேர்த்து எழுதி அனுப்பறேன். பழசைக் கிழிச்சுப் போட்டுருங்க."

சார் என்றும் சொல்லவில்லை, தம்பி என்றும் சொல்லவில்லை.

பழைய தாளைக் கிழிக்கவில்லை. பாரம் அடுத்த வாரம் அச்சுக்குப் போக வேண்டும். 43ஆம் பக்கத்தில் பதினான்கு வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.