குவாதியானா துறையில் ஐந்து நாள்

மே 9
போர்ச்சுகலின் தென்கோடி நகரமான ஃபாரோவிலிருந்து வரும் ரயில் விலா ரியால் டி சாந்து அந்தோனியோவோடு முடிகிறது. அதற்கப்பால் குவாதியானா ஆறு, எதிர்க்கரை ஸ்பெயின். தெருக்களெல்லாம் நூல் பிடித்தாற்போல் நேர்க்கோடு. 1774இல் போர்ச்சுகலின் அன்றைய முதன்மை அமைச்சர் பொம்பல் பிரபு கட்டத் தொடங்கிய ஊர் இது. பக்கத்து மொந்தே கோர்தோ கடற்கரையில் பிடித்த மத்தி, வரி கட்டாமல் எதிர்க்கரைக்குப் போய்க்கொண்டிருந்ததைத் தடுக்கத்தான் இத்தனை ஏற்பாடும். ஆற்றைப் பார்த்த வரிசையின் நடுவில் சுங்கச்சாவடி நிற்பது அதனால்தான்.

மே 10
சதுக்கம். நடுவில் 1776ஆம் ஆண்டுத் தூண். அதிலிருந்து கறுப்பு வெள்ளைக் கற்கள் கதிராக விரிகின்றன. உச்சி வெயிலில் வெள்ளைக்கல் கண் கூசும். மாலையில் போவதே உத்தமம்.

மே 11
எதிர்க்கரை ஸ்பானிய ஊரான அயமோந்தேவுக்குப் படகில் கால் மணி நேரம்தான். ஆனால் ஸ்பெயின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே 12.30க்கு ஏறினால் அங்கே 1.45. சற்று நேரத்தில் கடைகளை அடைத்துவிட்டு, ஐந்து மணிவாக்கில்தான் திறப்பார்கள். பூட்டிய கதவுகளைப் பார்க்க ஆற்றைக் கடப்பானேன்? காலையிலேயே போய்விட வேண்டும். கரையோரத்தில் போன் எதிர்க்கரைக் கோபுரத்தைப் பிடித்து நேரத்தைத் தானாக மாற்றிவிடும். கடைசிப் படகைத் தவறவிடுவது பெரும்பாலும் இப்படித்தான். தானியங்கி நேரத்தை அணைத்து வையுங்கள். அட்டவணை எந்த நாட்டு நேரம் என்று டிக்கெட் வாங்கும்போதே கேளுங்கள். இரண்டும் ஷெங்கன் நாடுகள், தனி விசா வேண்டாம். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். படகு தவறினால் 1991இல் திறந்த பாலம் உண்டு. ஆனால் அது ஊருக்கு வடக்கே பல கிலோமீட்டர் தள்ளி. நடந்து போகிற தூரமல்ல.

திரும்பும்போது நடு ஆற்றில் மேற்கே பாருங்கள். பொம்பலின் முகப்பு வரிசை முழுசாகத் தெரிவது அங்கிருந்துதான்.

மே 12
முஷாமா. சூரையின் முதுகுச் சதையை நீளவாக்கில் அரிந்து, கல்லுப்பில் புதைத்து, கழுவி, காற்றில் உலர்த்துவது. மாசிக்கருவாடுபோல் அவிப்பதோ புகையூட்டுவதோ இல்லை. அதனால் உள்ளே கருஞ்சிவப்பு அப்படியே நிற்கும். காகிதம்போல் சீவி ஆலிவ் எண்ணெய் விட்டுச் சாப்பிட வேண்டும். தடியாக வெட்டினால் உப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும். வாங்கும்போது விரலால் அழுத்திப் பாருங்கள்: லேசாக அமுங்க வேண்டும். கட்டைபோல் இருந்தால் காய்ந்து போனது.

மே 13
காஸ்த்ரோ மரீம், வடக்கே சில கிலோமீட்டர். கோட்டை மதிலேறினால் உப்பளம், சதுப்பு, பாலம் மூன்றும் ஒரே பார்வையில். சதுப்பு 1975 முதல் இயற்கைக் காப்பகம்; பூநாரைகள் மேய்கின்றன. உப்பு வாருவது கோடையில்தான், மே மாதம் பாத்திகளில் வெறும் தண்ணீர். காற்றில்லாத வெயில் நாளில் மேலே மிதக்கும் மெல்லிய ஏடே உப்புப்பூ. காற்று வீசினால் ஏடு உடைந்து அடியில் படிந்து, சாதாரண உப்பாகிவிடும்.